சாப்பரும் ராக் இசையும்: எஞ்சின் போட்ட தாளமா, சினிமா போட்ட முடிச்சா?

நீங்கள் கேட்டது இதுதான்: நீண்ட ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்கள்) வைத்த, வெட்டி மாற்றிய சாப்பர் பைக் வரும் எந்த வீடியோவைப் பார்த்தாலும் பின்னணியில் ராக் பாட்டுதான் ஓடுகிறது, இது ஹார்லி எஞ்சினின் தாளத்தோடு இயல்பாகப் பொருந்துவதாலா, இல்லை யாரோ ஆரம்பித்து வைத்த பழக்கமா? கூடவே, உங்கள் புல்லட்டின் ஃபோர்க்கை நீட்டி சாப்பராக்கினால் அந்த உணர்வு கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இரு சக்கர வாகனங்களின் ஃப்ரேம், ஸ்டீயரிங் வடிவமைப்பு வேலையில் பல வருஷம் இருந்தவன். அதனால் இரும்பு சம்பந்தப்பட்டதைக் கணக்கோடு சொல்ல முடியும். இசையில் நான் வெறும் ரசிகன். பழைய ரெக்கார்டுகளை வாங்கிக் கேட்பவன், அவ்வளவுதான். அந்தப் பகுதியைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எஞ்சின் தாளம். இது நிறைய பேர் நம்பும் கதை. கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஹார்லியின் பழைய எஞ்சின்களில் இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி இடைவெளியில் நிற்கும், பிஸ்டன்களைச் சுழலும் தண்டோடு இணைக்கும் இரண்டு கனெக்டிங் ராடும் அந்தத் தண்டின் ஒரே கிராங்க் பின்னில் மாட்டியிருக்கும். அதனால் முதல் சிலிண்டர் வெடித்து 315 டிகிரி சுற்றியதும் இரண்டாவது வெடிக்கும். மறுபடி முதலாவது வெடிக்க 405 டிகிரி ஆகும். ஐடிலிங், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுவது, 900 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 900 சுற்று) என்று வையுங்கள். ஒரு இடைவெளி 58 மில்லிசெகண்ட், அடுத்தது 75. இந்தக் குட்டை நெட்டைதான் நம் காதுக்கு அந்த நொண்டியடிக்கும் சத்தமாகக் கேட்கிறது. இப்போது தாளத்துக்கு வருவோம். அந்த வேகத்தில் நிமிஷத்துக்கு 450 ஜோடி வெடிப்புகள். ஒரு சராசரி ராக் பாட்டு நிமிஷத்துக்கு 120லிருந்து 150 அடி. மெக்கானிக் சிரத்தையாக ஐடிலிங்கை 600 வரை இறக்கி வைத்தாலும் 300 ஜோடி வரும். சாலையில் ஓடும்போது சொல்லவே வேண்டாம், அது தாளமாக இல்லாமல் உறுமலாகிவிடும். ஆக, எஞ்சினைக் கேட்டு டிரம்மர் வாசித்தார் என்பதெல்லாம் ரசிகர்களின் ஆசை. அந்தச் சத்தத்துக்குத் தனி அடையாளம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஹார்லி நிறுவனமே 1994ல் அந்தச் சத்தத்தை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. மற்ற கம்பெனிகள் எதிர்த்தன. இழுத்தடித்து, 2000ல் விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது.

இன்னொரு விஷயத்தையும் வீடியோ பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அசல் சாப்பரில் பாட்டு கேட்க வழியே இல்லை. பெரிய டூரிங் ஹார்லியில் ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. சாப்பர் என்பதோ கழற்றிக் கழற்றி எறிந்த பிறகு மிஞ்சுவது. முன் மட்கார்டு போகும், பின் ஷாக் அப்சார்பர் போகும், இண்டிகேட்டர் போகும், பல வண்டிகளில் முன் பிரேக்கே போகும். பேட்டரி இல்லாமலே தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ போட்டு, கிக்கர் மட்டும் வைத்து ஓட்டுகிறவர்கள் பேட்டரியைக்கூடக் கழற்றிவிடுவார்கள். மிஞ்சிய சைலன்சரும் வெறும் குழாய். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் வருபவர் கத்துவதே கேட்காது. எனவே இசை இந்தப் பண்பாட்டில் ஓட்டும்போது இருந்ததில்லை. நிறுத்திய இடங்களில்தான் இருந்தது: பாரில் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ், வெல்டிங் நடக்கும் ஷெட்டில் ஓடும் ரேடியோ, ராலி மைதானத்தின் மேடை. அந்த இடங்களில் என்ன பாட்டு ஓடியது என்பது எந்த ஊர், எந்தத் தெரு என்பதைப் பொறுத்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துப் புரியும்.

ஓடும் சாப்பரையும் ராக் பாட்டையும் ஒரே சட்டகத்தில் ஒட்டியது சினிமா. 1969 ஜூலையில் வந்த ஈஸி ரைடர். பீட்டர் ஃபோண்டா தயாரித்து நடித்தார், டென்னிஸ் ஹாப்பர் இயக்கி நடித்தார். அதற்கு முன்பும் மோட்டார் சைக்கிள் படங்கள் இருந்தன. 1953ல் மார்லன் பிராண்டோ நடித்த தி வைல்ட் ஒன் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் அவர் ஓட்டியது இங்கிலாந்தின் டிரையம்ஃப், சாப்பர் அல்ல. பின்னணி ஜாஸ் சாயலில் எழுதப்பட்ட வழக்கமான சினிமா இசை. ஈஸி ரைடரில் நடந்ததே வேறு. எடிட்டர் டான் கேம்பர்ன், பைக் ஓடும் நீளமான காட்சிகளை வெட்டி ஒட்டும்போது தற்காலிகமாகத் தன்னிடமிருந்த ரெக்கார்டுகளிலிருந்து பாட்டுகளைப் போட்டு வைத்தார். பிறகு இசையமைப்பாளரைக் கொண்டு வேறு இசை போடலாம் என்றுதான் பேச்சு. போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டுகளை எடுக்க மனம் வரவில்லை. ஸ்டெப்பன்வுல்ஃப், பேர்ட்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்று வானொலியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாட்டுகளே படத்தின் இசையாகிவிட்டன. அப்போது ஹாலிவுட்டில் இது வழக்கமே இல்லை.

அதில் பெரிய பாட்டு எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: ஸ்டெப்பன்வுல்ஃபின் பார்ன் டு பி வைல்ட். டைட்டில் ஓடும்போது அந்த கிட்டார் வெட்டி வெட்டி வரும், இரண்டு பைக்கும் பாலத்தைக் கடக்கும். ஆனால் இந்தப் பாட்டு படத்துக்காக எழுதப்பட்டதல்ல. 1968லேயே வெளிவந்து அமெரிக்க வரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போய்விட்டது. எழுதியவர் மார்ஸ் பான்ஃபயர், அந்தக் குழு டிரம்மரின் உடன்பிறந்த சகோதரர். ஹாலிவுட் தெருவில் ஒரு கடை ஜன்னலில், பூமியைப் பிளந்துகொண்டு மோட்டார் சைக்கிள் கிளம்புவதுபோல ஒரு போஸ்டர் பார்த்ததாகவும், அதே சமயம் தான் முதன்முதலாக ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபோர்ட் ஃபால்கன் கார் வாங்கியிருந்ததாகவும், இரண்டும் சேர்ந்துதான் பாட்டானது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். உலகத்து சாப்பர்காரர்களின் கீதத்தில் பாதி ஒரு பழைய குடும்பக் காரிலிருந்து வந்தது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் சிரிப்புதான்.

அந்தப் படத்தின் பைக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரிய அநியாயம் நடந்தது. ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் ஹார்லிகளை, 1948லிருந்து 1965 வரை வந்த பேன்ஹெட் எஞ்சினோடு, சாப்பராக மாற்றியவர்கள் இரண்டு கறுப்பின அமெரிக்கர்கள். தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பென் ஹார்டி, வேலையை ஒருங்கிணைத்த கிளிஃப் வாஸ். வாஸ் சாதாரண ஆள் இல்லை. கறுப்பின உரிமைப் போராட்டத்தில் மாணவர் அமைப்போடு தென் மாநிலங்களில் வேலை செய்தவர். 1964ல் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அவரை ராணுவ உடைக்காரர்கள் இழுத்துப் பிடித்திருக்கும் புகைப்படம் பிரசித்தம். அதை எடுத்த டேனி லையன்தான் பின்னாளில் சிகாகோ பைக்கர் கூட்டத்தோடு சுற்றி, அவர்களைப் படம் பிடித்து 1968ல் புத்தகமாகப் போட்டார். படத்தின் டைட்டிலில் ஹார்டி பெயரும் இல்லை, வாஸ் பெயரும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. ஹார்டி 1994ல் போய்விட்டார், வாஸ் 2016ல். இதற்கிடையில், படத்தில் ஓடிய கேப்டன் அமெரிக்கா பைக் என்று ஒன்று 2014ல் 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அசல்தானா என்ற சண்டை தனிக்கதை.

சரி, எல்லாம் சினிமா செய்த வேலை என்று முடித்துவிடலாமா? முடியாது. படம் வருவதற்கு முன்பே சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பைக்கர்களும் ராக் குழுக்களும் நெருங்கியிருந்தார்கள். 1965லேயே எழுத்தாளர் கென் கீஸி தன் லா ஹோண்டா வீட்டு விருந்துக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பைக்கர் கிளப் கூட்டத்தை அழைத்தார். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவோடு அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. ப்ளூ சியர் என்ற, காது கிழியும் சத்தத்துக்குப் பேர் போன குழுவுக்கு மேனேஜராக இருந்தவரே முன்னாள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆள்தான். இந்த நெருக்கம் எங்கே போய் முடிந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1969 டிசம்பர் 6, ஆல்டமான்ட் கார் பந்தய மைதானம், ரோலிங் ஸ்டோன்ஸ் மேடை. மேடைக் காவலுக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ். மெரிடித் ஹண்டர் என்ற 18 வயதுப் பையன் கூட்டத்துக்கு நடுவே கத்தியால் குத்தப்பட்டு இறந்தான். அவன் கையில் துப்பாக்கி இருந்தது. குத்தியவர் தற்காப்புக்காகச் செய்தார் என்று ஜூரி விடுதலை செய்தது. இவ்வளவும் உறுதி. காவலுக்குக் கூலியாக 500 டாலருக்கு பீர் கொடுத்தார்கள் என்பது எல்லோரும் சொல்வது. ஆனால் யார் யாரிடம் என்ன பேசி ஒப்புக்கொண்டார்கள் என்பதில் சம்பந்தப்பட்டவர்களே ஆளுக்கொன்று சொன்னார்கள். அதனால் அதை நான் கதை அளவில்தான் வைத்திருக்கிறேன்.

எழுபதுகளில் ஒட்டிக்கொண்டது தென் மாநில ராக். இதில் நான் அதிகம் கேட்பது ஆல்மன் பிரதர்ஸ். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான அவர்களுடைய நேரடிக் கச்சேரி ரெக்கார்டைப் போட்டு, டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். கண்ணாடிக் குப்பி கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது சுரங்களுக்கு இடையே இருக்கும் இடத்தையெல்லாம் தடவிக்கொண்டு போகிறார். நம் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். அந்த ரெக்கார்டு வெளிவந்து சில மாதங்களில், அக்டோபர் 29 அன்று, ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் டுவேன் விபத்தில் இறந்தார். வயது 24. ஓட்டியது ஃபோர்க் நீட்டிய ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர். ஒரு லாரி சந்திப்பில் நின்றுவிட, விலக முயன்று மோதினார். அடுத்த வருஷம் நவம்பர் 11, அதே குழுவின் பேஸ் கிட்டார்காரர் பெரி ஓக்லி, அதே ஊரில், மூன்று தெரு தள்ளி, பஸ்ஸில் மோதி இறந்தார். அவருக்கும் 24தான். நீட்டிய ஃபோர்க் இல்லாவிட்டால் டுவேன் தப்பியிருப்பாரா என்று கேட்பார்கள். வளைந்து விலகுவதில் அது வண்டியை மந்தமாக்கும் என்பது இயற்பியல். அன்று அதுதான் காரணம் என்று யார் சொன்னாலும் அது ஊகம்.

இப்போது தெருவைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். சாப்பர் என்றால் வெள்ளைக்காரர்களின் ராக் என்பதே வீடியோக்கள் காட்டும் பாதி உண்மை. ஓக்லாந்தில் 1959ல் டோபி ஜீன் லெவிங்ஸ்டன் தொடங்கிய ஈஸ்ட் பே டிராகன்ஸ், முழுக்கக் கறுப்பினத்தவரின் ஹார்லி கிளப். வெட்டி மாற்றிய ஹார்லிகள்தான் அவர்களுடைய பெருமை. அந்தக் குடியிருப்புகளில் அப்போது ஒலித்தது சோல், ப்ளூஸ் என்ற கறுப்பின இசை வகைகள். தெற்கு கலிஃபோர்னியாவின் மெக்சிக வம்சாவளி இளைஞர்களிடம் இன்னொரு பாணி: உயரமான ஏப் ஹேங்கர் ஹேண்டில்பார், மீன் வால்போலப் பிளந்த நீளமான சைலன்சர், கூடவே ஐம்பது அறுபதுகளின் மெல்லிய காதல் பாட்டுகள். தரையோடு தரையாக இறக்கிய கார்களில் ஓடும் அதே பாட்டுகள். ஸ்வீடனுக்குப் போனால் உலகத்திலேயே நீளமான ஃபோர்க்குகளைப் பார்க்கலாம். டோல்லே என்ற ஃபோர்க் அங்கே செய்வதுதான். அந்த நாட்டில் அமெரிக்கப் பழைய கார் வைத்துச் சுற்றும் ரகரே கூட்டத்துக்கு ஐம்பதுகளின் ராக்கபில்லி இசை உயிர், அந்தக் காற்று பைக் ஷெட்டுகளிலும் அடிக்கும். ஒரே வண்டி, ஊருக்கு ஒரு பாட்டு. எஞ்சின்தான் இசையைத் தீர்மானித்தது என்றால் இது எப்படி நடக்கும்?

அப்புறம் ராக்கே ஏன் மேலே மிதக்கிறது என்றால், பெரிய ராலிகளின் மேடைகளால். தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் ராலி 1938ல் ஜாக்பைன் ஜிப்ஸிஸ் என்ற உள்ளூர் கிளப் நடத்திய பந்தயமாக ஆரம்பித்தது. பாட்டுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை. எண்பதுகளில் பக்கத்திலேயே பஃபலோ சிப் என்ற முகாம் மைதானம் முளைத்து, லினர்ட் ஸ்கினர்ட், ஸீஸீ டாப் மாதிரி குழுக்களை மேடையேற்றியது. ஈஸி ரைடரைப் பதின்வயதில் பார்த்தவர்கள் கையில் அந்தச் சமயம் காசு இருந்தது. அவர்கள் கேட்க விரும்பியது மேடையேறியது. 2002 வாக்கில் தொலைக்காட்சிகளில் சாப்பர் கட்டும் நிகழ்ச்சிகள் வந்தபோது, வெல்டிங் பொறி பறக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் அதே மாதிரி கிட்டார் சத்தம். நீங்கள் இன்று யூடியூபில் பார்ப்பது அதன் பேரப்பிள்ளை.

என் சொந்த ஊகம் ஒன்று உண்டு. ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பரின் வடிவமே அதை நேர்ச்சாலைக்கு உரியதாக்குகிறது. ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். முன் சக்கரத்தின் ஆரம் 345 மில்லிமீட்டர், ஃபோர்க்கின் ஆஃப்செட், அதாவது ஸ்டீயரிங் அச்சிலிருந்து சக்கர அச்சு முன்தள்ளி இருக்கும் தூரம், 60. ஸ்டீயரிங் தலையின் சாய்வு, அதாவது ரேக், 30 டிகிரி என்றால் டிரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம், சுமார் 130 மில்லிமீட்டர் வரும். மற்ற எதையும் தொடாமல் சாய்வை மட்டும் 45 ஆக்குங்கள். டிரெயில் 260, அப்படியே இரட்டிப்பு. ஹைவேயில் ஹேண்டிலை விட்டாலும் வண்டி நேராகப் போகும். ஆனால் மெதுவாக யூ டர்ன் எடுக்கும்போது முன் சக்கரம் தானாக ஒரு பக்கம் சரிந்து விழும், கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். நல்ல சாப்பர் கட்டுபவர்கள் ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் மேல் கீழ் தட்டுகளிலேயே கூடுதல் சாய்வு கொடுத்து டிரெயிலைத் திரும்பக் குறைப்பார்கள். தெரியாதவர்கள் குழாயை மட்டும் நீட்டிவிட்டுப் போவார்கள். எப்படியும் வளைந்து நெளிந்து ஓட்டும் வண்டி இது இல்லை. கலிஃபோர்னியா பாலைவனம் மாதிரி மணிக்கணக்கில் திரும்பாத சாலையில், ஒரே வேகத்தில் போகும் வண்டி. அப்படி ஓட்டிவிட்டு இறங்கியவர்களுக்கு, ஒரே ரிஃபை, அதாவது சின்ன கிட்டார் துணுக்கை, பத்து நிமிஷம் திருப்பித் திருப்பி வாசிக்கும் இசை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை என்று தோன்றுகிறது.

கடைசியாக உங்கள் புல்லட். அது ஒற்றை சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, எல்லா இடைவெளியும் சமம். ஃபோர்க்கை எவ்வளவு நீட்டினாலும் ஹார்லியின் நொண்டித் தாளம் வராது. சைலன்சரை ஓட்டை போட்டால் சத்தம் கூடும், அவ்வளவே. அதைவிட முக்கியம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஸ்டீயரிங் தலையை அறுத்துச் சாய்ப்பது என்பது ஃப்ரேமிலேயே கை வைப்பது, வண்டி பிடிபடும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் கையை விரிப்பார். சட்டத்தை விடுங்கள், அந்த இடத்தில் போடும் வெல்டிங்தான் உங்கள் உயிரைப் பிடித்திருக்கும். அதை எக்ஸ்-ரே வைத்துச் சோதிக்க வசதியில்லாத ஒர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். கம்பெனியே சாய்வைக் கூட்டி, சீட்டைத் தாழ்த்தி விற்கும் க்ரூஸர் வண்டிகள் நம் சந்தையில் இருக்கின்றன, ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட், சீட் உறை இதிலெல்லாம் உங்கள் ரசனையைக் காட்டலாம். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். பாட்டுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. புல்லட்டை ஓரமாக நிறுத்திவிட்டு இளையராஜா கேட்டாலும், மேலே சொன்ன ஓக்லாந்துக்காரர்கள் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.